பெங்களூர் கத்திரிக்காய் வந்த தோட்டம்

என் அம்மா சௌசௌ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆற்காட்டுப் பக்கத்துக்காரர், அவருக்கு அது எப்போதும் பெங்களூர் கத்திரிக்காய்தான். பாசிப்பருப்போடு கூட்டு, வாரத்தில் ஒரு நாள் சாம்பார், சீவிய தோலையும் வீணாக்காமல் துவையல். கத்திரிக்காய்க்கும் அதற்கும் சொந்தமே கிடையாது. பூசணி, சுரை வகையறாவைச் சேர்ந்த கொடி அது. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. அப்புறம் பெங்களூர் என்ற பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? வேலைக்காகப் பெங்களூருக்கு வந்து, இங்குள்ள லால்பாக் தாவரவியல் பூங்காவில் காலை நடை பழகி, அந்தத் தோட்டத்தின் கதையைத் தேடித் தேடிப் படித்த பிறகுதான் எனக்கு விடை கிடைத்தது.

லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்து 1874-இல் லால்பாக்கின் பொறுப்பை ஏற்றவர் ஜான் கேமரூன். வெளிநாட்டுக் காய்கறிகளையும் பணப்பயிர்களையும் இங்கே வளர்த்துப் பார்த்து, இந்த மண்ணில் தேறியவற்றைச் சுற்றுவட்டாரத்தில் பரப்பினார். அவற்றில் ஒன்றுதான் இந்தக் கொடி. கன்னடத்தில் அதற்குச் 'சீமே பதனேகாயி' என்று பெயர். சீமைக் கத்திரிக்காய். நம் பக்கத்துச் சந்தைகளுக்கோ அது பெங்களூரிலிருந்து வந்தது, அதனால் பெங்களூர் கத்திரிக்காய் ஆகிவிட்டது.

ஒரு பொதுத் தோட்டத்தால் ஊருக்கு என்ன லாபம் என்று கேட்டால் நிழல், நல்ல காற்று, நடக்க இடம், ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்று சொல்வோம். எல்லாம் சரிதான். ஆனால் லால்பாக்கைப் பல வருடமாகப் பக்கத்திலிருந்து பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. ஒரு மரத்தோட்டம் தன் மதிலைத் தாண்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் அதன் மதிப்பைச் சொல்ல வேண்டும். நாற்றாக, விதையாக, காய்கறியாக, தொழில் தெரிந்த கைகளாக லால்பாக்கிலிருந்து வெளியே போனவை ஏராளம். இன்று அந்த 240 ஏக்கருக்கு நடுவே நின்றுகொண்டு சுற்றிலும் பார்த்தால் ஊரின் பாதி வரலாறு தெரியும். நிலத்தின் சந்தை விலையை வைத்து அதை மதிப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். வெற்று மனையாக நினைத்துப் போடும் கணக்கு அது. மரங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் மட்டுமே பொருந்தும்.

ஆற்காட்டுக் கைகள்

1760-இல் ஹைதர் அலி இந்தத் தோட்டத்தைத் தொடங்கினார். அப்போது சுமார் 40 ஏக்கர். சிராவில் இருந்த முகலாயத் தோட்டத்தை மனதில் வைத்து அமைத்தார் என்பார்கள். அவர் மகன் திப்பு சுல்தான் கடல் தாண்டிய நாடுகளிலிருந்தெல்லாம் விதையும் செடியும் வரவழைத்து அதை நிரப்பினார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு தோட்டம் கைமாறிக் கைமாறி, கொஞ்ச காலம் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவின் மேற்பார்வையில்கூட இருந்தது. 1856-இல் அரசுத் தாவரவியல் பூங்கா ஆனது. அதற்கு யோசனை சொன்ன ஹியூ கிளெக்ஹார்ன், சென்னை மாகாணத்தின் காடுகளுக்குப் பொறுப்பேற்ற அதே கிளெக்ஹார்ன்தான். 1858-இல் கியூவிலிருந்து வில்லியம் நியூ வந்தார். 1861-இல் தோட்டத்துச் செடிகளுக்கு ஒரு பட்டியலும் அச்சிட்டார்.

புத்தகங்களில் இப்படி அரசர்கள், அதிகாரிகள் பெயர்தான் வரிசையாக வரும். மண்ணைக் கொத்தியவர்கள் யார்? இந்த இடத்தில்தான் நான் நின்று பேச விரும்புகிறேன்.

திகளர் என்றொரு சமூகம் பெங்களூரில் இருக்கிறது. தோட்ட வேலையில் தேர்ந்தவர்கள். தமிழ் நாட்டிலிருந்து, குறிப்பாக ஆற்காட்டுப் பகுதியிலிருந்து, ஹைதர் அலி இவர்களை லால்பாக் வேலைக்கு வரவழைத்தார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அதற்கு முன்பே வந்து குடியேறியவர்களும் உண்டு. தங்களை வன்னிகுல க்ஷத்திரியர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வருடம்தோறும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிப் பழைய பேட்டைப் பகுதியில் தர்மராய சுவாமி கோவில் கரகம் நடக்கும். பூக்களால் கோபுரம் போல எழுப்பிய கரகத்தைத் தலையில் தாங்கி, கையால் பிடிக்காமல், இரவு முழுக்க ஊரைச் சுற்றி வருவார் பூசாரி. உருவிய வாளோடு வீரகுமாரர்கள் கூடவே ஓடுவார்கள். அந்தத் திருவிழாவின் தெய்வம் திரௌபதி. ஆற்காட்டுப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மனுக்கு அக்னி வசந்தம் எடுப்பதையும் பதினெட்டு நாள் பாரதம் படிப்பதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பெங்களூர்க் கரகத்தைப் பார்க்கும்போது சொந்தக்காரரை வெளியூரில் பார்த்தது போல் இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரத்தில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நாற்றுப்பண்ணை. பதியம் போடுவது, ஒட்டுக் கட்டுவது, ரோஜாவுக்குக் கண் வைப்பது என்று தோட்டத்தில் கற்றது வீட்டுத் தொழிலாகி, ஊர் முழுக்கப் பூந்தொட்டிகளை நிரப்பியது. இன்று அந்த நிலங்களில் பாதிக்கு மேல் அடுக்குமாடிகள் நிற்கின்றன. மிச்சமிருக்கும் பண்ணைகளில் போய் நின்றால் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் விலை சொல்வார்கள். ஒரு தோட்டம் தன்னைச் சுற்றி ஒரு தொழிலையே வளர்த்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஆனால் லால்பாக் பற்றிய பேச்சில் இந்தக் குடும்பங்கள் ஓரமாகத்தான் வருகிறார்கள். அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தோட்டம் வளர்ந்த விதம்

கேமரூன் காலத்தில் லால்பாக் பெரிதானது. 1889-இல் கிழக்கே 30 ஏக்கர், 1891-இல் பாறையோடு சேர்த்து 13 ஏக்கர், 1894-இல் இன்னும் 94 ஏக்கர் என்று நிலம் சேர்ந்துகொண்டே போனது. பிறகு 240 வரை வந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஊர் வளர வளரத் தோட்டமும் வளர்ந்திருக்கிறது. பெருகும் ஊருக்குப் பெரிய தோட்டம் வேண்டும் என்று அந்தக் காலத்து மைசூர் அரசு நினைத்திருக்கிறது. இன்று ஊர் பெருகினால் தோட்டத்தின் ஓரத்தைக் கிள்ளுவது என்று ஆகிவிட்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1889-இல் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டினார்கள். விக்டோரியா ராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் வந்திருந்தபோது நடந்தது. லண்டன் கிரிஸ்டல் பேலஸை மாதிரியாக வைத்து இரும்பும் கண்ணாடியுமாகக் கட்டியது, முக்கியமாக மலர்க் கண்காட்சிக்காக. இன்றும் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி வருடத்துக்கு இரண்டு முறை அங்கே கண்காட்சி நடக்கிறது.

கேமரூனுக்குப் பிறகு 1908-இல் வந்தவர் ஜெர்மனியில் பிறந்த கிரும்பீகல். லண்டன் ஹைட் பார்க்கிலும் கியூவிலும் வேலை பார்த்துவிட்டுப் பரோடா சமஸ்தானத்துக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்தவர். பெங்களூர்த் தெருக்களின் இன்றைய முகத்தில் அவர் கை இருக்கிறது. ஒரு மரம் பூத்து முடிந்ததும் அடுத்த வகை பூக்க வேண்டும், வருடத்தில் எந்த மாதமும் ஏதோ ஒரு தெருவில் பூ இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு நட வைத்தார். உள்ளூர் மரம், வெளிநாட்டு மரம் என்று பார்க்காமல் லால்பாக்கில் சோதித்துப் பார்த்துத் தெருவுக்கு அனுப்பினார்.

1980-களில் எஸ்.ஜி. நெகின்ஹால் என்ற வனத்துறை அதிகாரி ஊர் முழுக்க 15 லட்சம் மரங்களை நட்டபோது அந்த வரிசை இன்னும் நீண்டது. இப்போது பெங்களூரில் வாழ்பவர்களுக்கு இது ஒரு நாள்காட்டி மாதிரி. குளிர் முடியும் நேரத்தில் இளஞ்சிவப்பு டபேபுயா, பிப்ரவரி மார்ச்சில் மஞ்சள் டபேபுயாவும் ஊதா ஜகரண்டாவும், கூடவே புங்கையின் பளபளக்கும் புதுத் தளிர். ஏப்ரல் மே வந்தால் மயில்கொன்றை தெருவையே சிவப்பாக்கிவிடும். மழை முடிந்து கார்த்திகைப் பக்கம் மரமல்லி ராத்திரியில் உதிர்ந்து, காலையில் வாசல் தெளிக்க வருபவர்களுக்கு முன்னாலேயே தெருவுக்குக் கோலம் போட்டிருக்கும்.

இந்தத் தெரு மரங்கள் அழகுக்கு மட்டும் இல்லை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் பெங்களூரின் மரமுள்ள தெருப் பகுதிகளையும் மரமில்லாத பகுதிகளையும் ஒப்பிட்டு அளந்தார்கள். மரம் இருந்த இடத்தில் மத்தியானக் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி செல்சியஸ் வரை குறைவு. தார்ச்சாலையின் மேற்பரப்பிலோ 27.5 டிகிரி வரை வித்தியாசம். மே மாத மத்தியானத்தில் தெருவோரம் தள்ளுவண்டி வைத்துப் பழம் விற்பவருக்கு, அன்று கடை போட முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கும் வித்தியாசம் அது. மரம் இல்லாத புதிய வட்டச் சாலைகளில் அந்த வண்டிகள் மேம்பால நிழலைத் தேடிப் போவதை நான் தினமும் பார்க்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவர்களில் எம்.எச். மரிகௌடாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவடையாது. ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர்; கர்நாடகத் தோட்டக்கலையின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். லால்பாக்கில் நடப்பதை மாநிலம் முழுக்க நடத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். தோட்டக்கலைக்கென்று தனித் துறை அமைந்து, நூற்றுக்கணக்கான பண்ணைகளும் நாற்றங்கால்களும் மாவட்டம் மாவட்டமாகத் தொடங்கப்பட்டன. வறண்ட நிலத்தில் மா, சப்போட்டா, கொய்யா வைத்துப் பிழைக்க முடியும் என்று சிறு விவசாயிகளுக்குக் காட்டினார்கள். 1959-இல் அவர் முயற்சியில் திராட்சை விவசாயிகளுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இன்று ஹாப்காம்ஸ் என்ற பெயரில் ஊர் முழுக்கக் காய்கறி, பழக்கடைகள் நடத்துவது அதுதான். அதன் தலைமையிடமும் லால்பாக்கில்தான். எங்கள் தெருமுனை ஹாப்காம்ஸ் கடையில் பெங்களூர் கத்திரிக்காய் வாங்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சங்கிலி நினைவுக்கு வரும்.

காலை ஆறு மணி

கேட் திறப்பது காலை ஆறு மணிக்கு. ஒன்பது மணி வரை நடக்க வருபவர்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த மூன்று மணி நேரத்தில் லால்பாக்கில் இருப்பவர்களைக் கவனித்தாலே இந்த ஊரின் மக்கள்தொகைக் கணக்கு கையில் வந்துவிடும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் கூட்டமாக நடப்பார்கள். அரசியல் பேச்சு சத்தமாக இருக்கும், அடி மெதுவாக இருக்கும். இருதய அறுவைச் சிகிச்சை முடிந்து, மருத்துவர் சொன்ன இருபது நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து முடிப்பவர்கள் தனியாக வருவார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் வில்சன் கார்டன் பக்கமிருந்து ஜெயநகர் பக்கத்துக்குக் குறுக்கே நடந்து போவார்கள். அவர்களுக்கு இது நிழலான குறுக்கு வழி. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பெஞ்சைப் பிடித்துவிட்டால் எழுந்திருக்க மாட்டார்கள். சிரிப்பு யோகா, சூரிய நமஸ்காரம், முன்னாள் ராணுவக்காரர் ஒருவரின் தனி அணிவகுப்பு, எல்லாம் உண்டு. நடை முடிந்ததும் ஒரு கூட்டம் நேராக மாவள்ளிப் பக்கம், 1924-இலிருந்து இருக்கும் எம்.டி.ஆர். வாசலில் ரவா இட்லிக்கு வரிசையில் நிற்கும். அதுவும் லால்பாக் கொடுத்த பழக்கம்தான்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி மாளிகைக்கு முன்னால் தொலைநோக்கிகளோடு சிலர் கூடுவார்கள். பறவை பார்ப்பவர்கள். பல பத்தாண்டுகளாக இந்த வழக்கம் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். நான் முதல் தடவை போனபோது குக்குறுவானையும் பச்சைக்கிளியையும் தவிர ஒன்றும் தெரியாது. கூட இருந்த பள்ளிக்கூடப் பையன்தான் ஆலமரக் கிளையில் ஒட்டிக்கொண்டிருந்த புள்ளி ஆந்தைகளை எனக்குக் காட்டினான். "அங்கிள், அசையாதீங்க, அது நம்மளத்தான் பாக்குது" என்றான் கிசுகிசுப்பாக. தமிழ்ப் பையன் என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த இலவச மூன்று மணி நேரம்தான் லால்பாக்கின் உயிர் என்று நான் நினைக்கிறேன். பகலில் சீட்டு வாங்கி வருபவர்கள் பார்வையாளர்கள். காலையில் வருபவர்கள் தோட்டத்தின் வீட்டுக்காரர்கள். எந்த மரத்தில் எப்போது தேனடை கட்டும், எந்தக் கிளை போன மழையில் முறிந்தது, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். தோட்டத்துக்கு ஒரு கேடு என்றால் முதல் குரல் அங்கிருந்துதான் வருகிறது. கட்டண வருமானத்தைக் கூட்டுவதற்காக அந்த நேரத்தை யாராவது சுருக்க நினைத்தால், இருக்கும் காவலர்களையே வெளியே அனுப்பியது போல் ஆகும்.

பாறையும் கல்மரமும்

போன வருடம் அம்மா வந்திருந்தார். முழங்கால் வலி. பாறை மேல் ஏற முடியவில்லை, கீழே உட்கார்ந்துகொண்டார். லால்பாக் பாறை சாதாரணக் குன்று இல்லை. சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள தீபகற்ப நைஸ் என்ற பாறை வகை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு அடித்தளமான பாறை இப்படி வெளியே தெரியும் இடங்களில் ஒன்று. உச்சியில், பெங்களூரை நிறுவிய கெம்பேகௌடாவின் காலத்தது என்று சொல்லப்படும் சிறிய கோபுரம். ஊரின் நான்கு எல்லைகளில் அவர் பெயரால் நிற்பவற்றில் ஒன்று. சாயங்காலம் குடும்பம் குடும்பமாக ஏறி உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்ப்பார்கள்.

அம்மாவை நான் வேறொன்றைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். லால்பாக்கில் ஒரு கல்மரம் வைத்திருக்கிறார்கள். சுமார் 2 கோடி ஆண்டு பழையது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து வந்தது. "திருவக்கரையா? வக்ரகாளியம்மன் கோவில் இருக்கே, அந்தத் திருவக்கரையா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். பௌர்ணமிக்கு அங்கே போய்விட்டு வந்திருக்கிறார், ஊருக்குப் பக்கத்தில் மரம் கல்லாகிக் கிடப்பதைப் பார்க்காமலே. அந்தக் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பெரிய இலவ மரத்தடிக்குப் போனோம். இருநூறு வருடத்துக்கு மேல் வயது என்கிறார்கள். வேர் மண்ணுக்கு மேலே சுவர் சுவராக விரிந்து, ஆள் நின்றால் மறைந்துவிடும் உயரத்துக்கு எழும்பியிருக்கும். நாகலிங்கம் பூத்திருந்தது. அம்மா ஒவ்வொரு மரத்துக்கும் தமிழ்ப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். பலகையில் லத்தீனும் கன்னடமும் இருந்தன. அடுத்த தடவை ஒரு நோட்டு கொண்டுபோய் அம்மா சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறேன்.

மரத்தோட்டம் பள்ளிக்கூடம் என்று சொல்வார்களே, அது பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. எழுபது வயதுக்காரர் ஒருவர் தனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று கண்டுகொள்ளும் இடமாகவும் அது இருக்கிறது.

ஓரங்கள்

லால்பாக்கைக் காக்க ஒரு சட்டம் இருக்கிறது: 1975-ஆம் ஆண்டின் கர்நாடக அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம். பூங்கா நிலத்தை வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் மெட்ரோ ரயிலுக்காக மேற்கு ஓரத்தில் ஒரு கீற்று தேவைப்பட்டபோது சட்டத்தையே திருத்தினார்கள். 2009 ஏப்ரலில் மதிலை உடைத்து மரங்களை வெட்டத் தொடங்கியதும் ஜனங்கள் திரண்டார்கள். மாணவர்கள், முதியவர்கள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்திலேயே ஆர்.வி. சாலையின் நடுவில் நிழல் கவிந்து கிடந்த நீளமான பூங்காவும் போயிற்று. 2017-இலிருந்து அந்தத் தடத்தில் ரயில் ஓடுகிறது. லால்பாக் என்றே ஒரு நிலையம்.

நானும் அந்த ரயிலில்தான் போகிறேன். பேருந்தில் ஒரு மணி நேரம் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் இன்று கால் மணி நேரத்தில் வருகிறார்கள். கார் இல்லாதவர்களுக்கு லால்பாக்கைப் பக்கத்தில் கொண்டுவந்ததும் அந்த ரயில்தான். அதனால் மெட்ரோ வந்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தடத்தைத் தோட்டத்தின் மேல் படாமல் கொண்டுபோக வழி இருக்கிறதா என்று முதலில் பேசியிருக்க வேண்டும். வெட்டிய பிறகு பேசினார்கள்.

2025-இல் மறுபடியும் அதே கதை. ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை பூமிக்கடியில் கார் செல்ல ஒரு சுரங்கச் சாலை, அதன் வாயில்களில் ஒன்று லால்பாக் ஓரத்தில் என்று திட்டம் வந்தது. 2009-இல் நின்ற அதே முகங்கள், தலை இன்னும் கொஞ்சம் நரைத்து, மறுபடி வந்து நின்றன. கூடவே அப்போது குழந்தையாக இருந்தவர்களும். எதிர்ப்பு வலுத்ததால் வாயிலை வேறிடத்துக்கு மாற்றுவது பற்றி அரசுத் தரப்பு பேச வேண்டி வந்தது. ரயிலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இது கார் வைத்திருப்பவர்களுக்கான பாதை. லால்பாக்கில் காலையில் நடக்கும் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு அந்தச் சுரங்கத்தில் இடமே இல்லை. அவருடைய நிழலை எடுத்து அவரால் போக முடியாத பாதைக்குக் கொடுப்பதை எந்தக் கணக்கில் நியாயம் என்று சொல்வது?

ஓரம்தானே, கொஞ்சம்தானே என்பார்கள். மரத்தோட்டத்தில் ஓரம்தான் வெளியிலிருந்து வரும் சத்தத்தையும் புகையையும் வெயிலையும் தாங்கி உள்ளே இருப்பதைக் காக்கிறது. ஓர வரிசை போனால் அடுத்த வரிசை ஓரமாகிறது. நிழலிலேயே வளர்ந்த மரத்துக்குத் திடீரென்று வெயிலும் காற்றும் பட்டால் பட்டை வெடிக்கும், கிளை முறியும். பக்கத்தில் ஆழமாகத் தோண்டினால் வேர் தேடிப் போகும் ஈரம் வேறு பக்கம் திரும்பிவிடும். இருநூறு வயது மரம் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ள இன்னொரு இருநூறு வருடம் கேட்கும்.

உள்ளே இருக்கும் குறைகள்

வெளியாரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. மலர்க் கண்காட்சி நாட்களில் லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது. அந்த வருமானம் தோட்டத்துக்கு வேண்டியதுதான். ஊரிலிருந்து பஸ் பிடித்து வரும் குடும்பங்கள், வாழ்க்கையில் முதல் தடவை ஆர்க்கிடைப் பார்க்கும் பிள்ளைகள், அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் அத்தனை கால்கள் மிதித்தால் மண் இறுகிப்போகும். மழைநீர் உள்ளே இறங்காது, வேருக்குக் காற்றுப் போகாது. பழைய மரங்களைச் சுற்றி வேலி போட்டுக் கூட்டத்தைத் தள்ளி நடக்க வைத்தால் போதும். பெரிய செலவு இல்லை.

கட்டடங்களைப் பராமரிப்பதிலும் தவறு நடந்திருக்கிறது. கிரும்பீகல் பெயரைத் தாங்கிய பழைய மண்டபம் பல வருடம் கவனிப்பாரற்றுக் கிடந்து 2017 மழைக்காலத்தில் இடிந்து விழுந்தது. மரம் என்றால் ஊர் திரண்டு வருகிறது. மண்டபத்துக்கு யாரும் வரவில்லை, நான் உட்பட. தினமும் அதைத் தாண்டித்தான் நடந்தேன்.

நல்லதும் சொல்ல வேண்டும். ஊரின் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். காவிரித் தண்ணீருக்காக ஊர் அடித்துக்கொள்ளும் கோடையில் இது பெரிய விஷயம். நாற்று வளர்ப்பவர்களின் கூட்டுறவுச் சங்கம் உள்ளேயே செடி விற்கிறது. சித்தாபுரத்துப் பண்ணைகள் சுருங்கிவரும் இந்த நேரத்தில், அந்தத் தொழிலின் வேர் இன்னும் லால்பாக் மண்ணில் பிடித்திருக்கிறது என்பது ஆறுதல்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. திகளர் குடும்பங்களின் பெரியவர்களிடம் உட்கார்ந்து, எந்த மரத்தை யார் தாத்தா நட்டார், எந்த ஒட்டு முறை யாரிடமிருந்து வந்தது என்று கேட்டு எழுதி, அந்தந்த மரத்தடிப் பலகையில் சேர்க்க வேண்டும். லத்தீன் பெயருக்குக் கீழே இரண்டு வரி போதும். ஹைதர் அலிக்கும் கேமரூனுக்கும் மரிகௌடாவுக்கும் பெயர் இருக்கிறது. ஆற்காட்டிலிருந்து மண்வெட்டியோடு வந்தவருக்கு ஒரு பலகைகூட இல்லை.

நீங்கள் பெங்களூர் வந்தால் லால்பாக் மெட்ரோ நிலையத்தில் இறங்கி மேற்கு வாசல் வழியாக ஒன்பது மணிக்குள் உள்ளே போய்விடுங்கள். மார்ச் மாதமாக இருந்தால் நல்லது. புங்கைத் தளிரைப் பார்க்கலாம். இரண்டாம் ஞாயிறாக அமைந்தால் கண்ணாடி மாளிகை முன்னால் நிற்பவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். திருவக்கரைக் கல்மரம் எங்கே என்று காவலரிடம் கேட்டால் வழி சொல்வார்.